மொய்யாகப் போன டயர்

புதிதாக ஜீப் எடுத்து நம் ஸ்டாண்டுக்கு வரும் தம்பிகள் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். போடிமெட்டு ரோட்டில் எந்த வளைவு மோசம் என்பது முதல் கேள்வி. அதற்கு ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்வி, முதல் மாதம் முடிந்து கையில் கொஞ்சம் பணம் நின்ற பிறகு வரும்.

“அண்ணே, வீட்டுக்கு எம்புட்டுக் குடுக்கிறது? நமக்கு எம்புட்டு வச்சுக்கிறது?”

இந்தக் கேள்விக்கு நான் பல வருடங்கள் பொய்யான பதிலைச் சொல்லி வந்தேன். தெரியாமல் அல்ல, தெரிந்தே. அந்தப் பொய் ஒரு பங்குனி மாதத்தில் பதினைந்து பேரை மலையிலிருந்து கீழே தள்ளப் பார்த்தது. யாரும் சாகவில்லை. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுத முடிகிறது.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெயர் மாயன். ஏழாம் வகுப்பு முழுப் பரீட்சைக்கு முன்னால் வீட்டை விட்டு ஓடினேன். குரங்கணியில் காப்பி மூட்டை தூக்கினேன். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளினேன். லாரியில் கிளீனராக ஏறி வடக்கே கொஞ்ச காலம் திரிந்தேன். பட்டினியும் இருந்தேன், பழகிவிட்டது. எந்த வேலையிலும் சேர்ந்தாற்போல் மூன்று வருடம் நின்றதில்லை. ஜீப் ஸ்டியரிங்கைப் பிடித்த பிறகுதான் ஓரிடத்தில் நின்றேன், அந்த ஓரிடம் தினமும் மலை ஏறி இறங்கிக்கொண்டிருந்ததால். முழங்கால் மக்கர் செய்ததால் போன வருடம் வண்டியை விற்றேன்.

நம் பிழைப்பு உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். ராசிங்காபுரம், தேவாரம் பக்கத்துப் பெண்களை விடியற்காலையில் ஏற்றி, மலைக்கு மேலே ஏலத் தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது. காய் எடுக்கும் மாதங்களில் ஒரு நாள் ஓய்வு இருக்காது. மாசி பிறந்தால் பாதி நாள் வண்டி நிற்கும். வைகாசி வரை அப்படித்தான். இதைத் தெரிந்துகொள்ள ஒரு வருடம் போதும். இதை வீட்டில் சொல்வதற்குத்தான் சிலருக்கு ஆயுள் போதவில்லை.

நம் ஸ்டாண்டில் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. அன்றன்று வரும் பணத்தில் முதல் பங்கை டயருக்கும் பிரேக்குக்கும் என்று தனியே எடுத்துவிட வேண்டும். வண்டிப் பங்கு என்போம். வண்டி சாப்பிட்ட பிறகுதான் வீடு சாப்பிடணும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். கேட்பதற்குக் கொஞ்சம் கல் நெஞ்சாகத்தான் இருக்கும்.

மூன்று நான்கு வருடங்களுக்கு முன்னால் முத்துக்குமார் என்று ஒருவன் வந்து சேர்ந்தான். ராசிங்காபுரம். இருபத்து மூன்று வயது. பழைய ஜீப் ஒன்றைத் தவணையில் எடுத்திருந்தான். இன்று நீங்கள் என்னிடம் கேட்கிற கேள்வியை அவன் யாரிடமும் கேட்கவில்லை. தானாகவே பிரித்து வைத்திருந்தான். வண்டிக்கு ஒரு பங்கு, வீட்டுக்கு மாதம் ஐந்தாயிரம், தபால் ஆபீசில் கொஞ்சம், மிச்சம் தனக்கு. சரியாகத்தான் இருந்தது. அதைக் கெடுத்தது நான்.

ஐப்பசி மாதம், காய் எடுப்பு உச்சத்தில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்து புது ஷூ போட்டுக்கொண்டு ஸ்டாண்டு டீக்கடைக்கு வந்தான். பளீரென்று வெள்ளை.

“என்ன மாப்ளே, காலு ரெண்டும் மட்டும் கல்யாணத்துக்குப் போகுதா?” என்றான் ஒருவன்.

“விலை எம்புட்டுடா?” என்று நான் கேட்டேன்.

“மூவாயிரம்ணே.”

“அப்பனுக்கு எம்புட்டுக் குடுக்குற?”

“அஞ்சாயிரம்ணே.”

“காலுக்கு மூவாயிரம், பெத்தவனுக்கு அஞ்சாயிரமா? நல்லா இருக்கு அப்பு ஒன் கணக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். முத்து அசரவில்லை. “ஷூ வருசத்துக்கு ஒரு தடவைண்ணே. அப்பாவுக்கு மாசாமாசம்.”

இப்போது சிரிப்பு அவன் பக்கம் போய்விட்டது. அந்த இடத்தில் நானும் சிரித்துவிட்டு டீயைக் குடித்திருக்க வேண்டும். கடைசிப் பேச்சு என்னுடையதாக இருக்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது.

“நானெல்லாம் ஒன் வயசுல சம்பளக் கவரப் பிரிச்சுக்கூடப் பார்த்ததில்ல. அப்படியே கொண்டாந்து ஆத்தா கையில குடுத்துட்டு, டீக்குக் காசு அவகிட்டதான் கேட்டு வாங்குவேன்.”

முத்து குனிந்து தன் காலைப் பார்த்தான். பாதி டீயை வைத்துவிட்டுப் போனான்.

அவன் வயதில் நான் லாரியின் பின்னால் தார்ப்பாய்க்குக் கீழே படுத்துக் கிடந்தேன். பதிமூன்று வயதில் ஓடியவன், இருபத்தாறு வயது வரை என் ஆத்தாவுக்குக் காசு அனுப்பியதில்லை, கடிதம் போட்டதில்லை. நான் திரும்பிப் போனபோது, நான் உயிரோடு இருப்பதே அவளுக்குப் புதுச் செய்தி. அதன் பிறகு அவள் இருந்தது இரண்டே வருடம். அந்த இரண்டு வருடம் கொடுத்தேன். அதை வைத்துத்தான் மற்ற பதிமூன்று வருடத்தையும் ஊருக்குள் பூசி மெழுகிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு என்ன நடந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. முத்து அன்றைக்கே வீட்டுக்குப் போய், வருமானம் கூடிவிட்டது, இனி மாதம் பத்தாயிரம் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். வெறும் ரோஷம் மட்டும் காரணமில்லை. அவன் அப்பா பெருமாளுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு, அது போதாமல் தேவாரம் பக்கம் அடுத்தவர் சோளக்காட்டில் இராக்காவலுக்கும் போய்க்கொண்டிருந்தார். யானை இறங்கும் இடம். பக்கத்துக் காட்டுப் பரண் ஒன்றை முந்தின வருடம் யானை சாய்த்துவிட்டுப் போயிருந்தது. “இனிமே நீ காவலுக்குப் போகக் கூடாதுப்பா” என்று மகன் சொல்ல, அவரும் நின்றுவிட்டார்.

ஐப்பசியில் அந்தப் பத்தாயிரம் கஷ்டமாக இல்லை. மார்கழி வரைக்கும் ஓடியது. தையில் முத்து தபால் ஆபீசுக்குப் போவதை நிறுத்தினான். மாசி பிறந்து வண்டி பாதி நாள் நின்றபோது, தபால் ஆபீசில் போட்டதைத் தொட மனமில்லாமல், டயர் மாற்றச் சேர்த்து வைத்திருந்த வண்டிப் பங்கில் கை வைத்தான்.

நான் இது எதையும் கவனிக்கவில்லை. அவன் ஷூ போடுவதை விட்டுவிட்டு ரப்பர் செருப்பில் வருவதை மட்டும் கவனித்தேன். பயல் திருந்திவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

பங்குனி முதல் வாரம். மூன்று மாதம் காய்ந்து கிடந்த ரோட்டில் அன்று நாங்கள் இறங்கக் கிளம்புமுன் கோடை மழை பத்து நிமிடம் பெய்து ஓய்ந்தது. அடைமழையைவிட இது மோசம். தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து ரோட்டின் மேல் சவ்வு மாதிரி படிந்திருக்கும்.

சாயங்காலம் நான் முன்னால் இறங்கினேன், முத்து எனக்குப் பின்னால். பாதி மலை இறங்கியிருப்போம். பின்னால் ஹாரன் விடாமல் அலறத் தொடங்கியது. கண்ணாடியில் பார்த்தேன். வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே ஹெட்லைட் எரிகிறது. நம் ஆட்களிடையே அதற்கு ஒரே பொருள்தான்: எனக்குப் பிரேக் இல்லை, வழி விடு.

என் வண்டியில் பன்னிரண்டு பெண்கள். அவன் வண்டியில் பதினாலு பேர். முதலில் எனக்குத் தோன்றியது, என் வண்டியை அவனுக்கு முன்னால் கொடுத்து மெல்ல முட்டவிட்டுத் தாங்கிப் பிடிக்கலாம் என்பதுதான். அப்படித் தாங்கிப் பிழைத்த கதைகள் ஸ்டாண்டில் நிறைய உண்டு. பிழைக்காதவர்கள் கதை சொல்ல வரவில்லை. அந்த ஈர ரோட்டில் தாங்கியிருந்தால் இரண்டு வண்டியும் ஒரே பள்ளத்துக்குப் போயிருக்கும். சரி, ஒதுங்கி அவனுக்கு வழி விடலாம் என்றால், எதிரே ஏறி வருகிறவனுக்கு இப்படி ஒருவன் இறங்குவது தெரியாது. வளைவில் நேருக்கு நேர் சந்திப்பார்கள்.

அப்போது ஒன்று நினைவுக்கு வந்தது. இரண்டு வளைவுக்குக் கீழே, மழைக்காலத்தில் சரிந்த மண்ணை ரோடு வேலைக்காரர்கள் அள்ளி, மலைச்சுவர் ஓரமாகக் குவித்து வைத்திருந்தார்கள். காலையில் ஏறும்போதுகூட அதைத் தாண்டித்தான் வந்தோம். அந்த மண் வரைக்கும் அவனுக்கு ரோடு முழுவதும் வேண்டும். எதிரே வருகிறவர்களை முன்கூட்டியே நிறுத்தி அதை வாங்கிக் கொடுப்பதுதான் என் வேலை.

ஆக்சிலேட்டரை மிதித்தேன். இறக்கத்தில், ஈரத்தில், வளைவுக்கு முன்னால் ஆக்சிலேட்டரை மிதிக்க எந்த டிரைவரின் காலும் ஒப்பாது. என் காலும் ஒப்பவில்லை. பின்னாலிருந்த பெண்கள் கத்தினார்கள்.

“மாயண்ணே, என்ன கிறுக்குப் பிடிச்சிருச்சா?”

“கம்பியப் பிடிச்சுக்கங்க! பேசாதீங்க!”

முதல் வளைவின் முனையில் காய்கறி லோடு ஏற்றிய லாரி ஒன்று ஏறி வந்தது. கேரளத்துக்காரர். தலையை வெளியே நீட்டி, “எந்தா சேட்டா?” என்றார்.

“பின்னால பிரேக் இல்லாம வருது! அங்கயே நில்லு! அங்கயே!”

என் பேச்சைவிட என் கை அவருக்கு விளங்கியது. லாரியைப் பாறையோடு ஒட்டி நிறுத்திவிட்டார். நான் தாண்டிப் போய்க் கண்ணாடியில் பார்த்தேன். முத்து வளைவுக்குள் வந்தான். பின்சக்கரங்கள் வழுக்கி, வண்டியின் பின்பக்கம் பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. கியரைக் கீழே இறக்கிப் பிடித்திருந்தான். அந்தப் புத்தி வேலை செய்ததால்தான் வேகம் இன்னும் கைக்குள் இருந்தது.

இரண்டாவது வளைவில் எதிரே யாரும் இல்லை. மண் குவியலைத் தாண்டி வண்டியை நிறுத்தி, குதித்து ஓடி வந்து, இரண்டு கையையும் நீட்டிக் குவியலைக் காட்டினேன்.

“மண்ணுல விடு! முத்து, மண்ணுல விடு!”

விட்டான். ஜீப்பின் மூக்கு மண்ணுக்குள் புதைந்தது. பின்பக்கம் ஓர் அடி தூக்கிப் பொத்தென்று விழுந்தது. பிறகு சத்தமே இல்லை. அந்த மாதிரி அமைதியை நீங்கள் கேட்காமலே ஓய்வு பெற வேண்டும்.

முதலில் வந்தது பேச்சியம்மாவின் குரல். முன் சீட்டு எப்போதும் அவளுக்குத்தான். அந்தப் பெண்களுக்கு அவள்தான் தலைவி.

“ஏன்டா, வீட்டுல கொண்டுபோயி எறக்குடான்னா, மண்ணுல கொண்டாந்து நடுற? நாங்க என்ன ஏலச் செடியா?”

அதற்குப் பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் அழவும் திட்டவும் தொடங்கினார்கள். எனக்கு உயிர் வந்தது. திட்டுகிறவர்கள் பிழைத்தவர்கள். ஒருத்திக்கு உதடு கிழிந்திருந்தது. ஒருத்திக்கு மணிக்கட்டு வீங்கியிருந்தது. தூக்குவாளிகள் நசுங்கியிருந்தன. அவ்வளவுதான். அவ்வளவேதான். பதினாலு பேரையும் விரல் விட்டு எண்ணினேன், பிறகு மறுபடியும் எண்ணினேன்.

முத்துவின் கைகள் ஸ்டியரிங்கை விடவில்லை. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்து எடுத்தேன்.

பேச்சியம்மா அதற்குள் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து பின்டயரைத் தடவிக்கொண்டிருந்தாள். “இதென்னடா, எங்க வீட்டுத் தேஞ்ச ஆட்டுக்கல்லு மாதிரி வழுவழுன்னு இருக்கு?”

பார்த்தேன். நான்கு டயரிலும் ரோட்டைப் பிடிக்கும் பட்டன் வெட்டு என்று ஒன்று இல்லை. பிரேக்கைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

“வண்டிப் பங்கு எங்கடா?” என்று கத்தினேன். “இத்தனை நாளா என்னடா செஞ்ச?”

“வீட்டுக்குக் குடுத்துட்டேண்ணே.”

“அதுக்கு? டயரு மாத்தாம வீட்டுக்குக் குடுக்கச் சொல்லி யாருடா சொன்னது?”

“நீங்கதாண்ணே சொன்னீங்க.”

குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான்.

பேச்சியம்மா எழுந்து சேலையை உதறினாள். “இந்தா பாரு முத்து. இன்னைக்குப் பொழுது போறதுக்குள்ள ஒங்கப்பன்கிட்ட இதைச் சொல்லணும். சொல்லலைன்னா நாளைக்கு ராசிங்காபுரத்துல ஒருத்தி ஒன் ஜீப்புல கால் வைக்க மாட்டா. தவணையை நீ சும்மா ஓட்டித்தான் கட்டணும்.”

“வேணாங்க்கா. கொறைச்சுக் குடுக்கிறேன்னு சொன்னா அப்பா திரும்ப யானைக் காவலுக்குப் போயிருவாரு.”

“அதுக்காக நாங்க போயிச் சேர்ந்தாப் பரவாயில்லையா?”

அவன் திரும்பிப் பின்டயரைப் பார்த்தான்.

தம்பிகளே, இந்த இடத்தில் என் முன்னால் எளிதான வழி ஒன்று திறந்து கிடந்தது. என்னிடம் அப்போது கொஞ்சம் பணம் இருந்தது. இந்தா, டயர் மாற்றிக்கொள், அப்பாவிடம் பேச வேண்டாம், பேச்சியம்மாவை நான் சமாதானம் செய்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் என்னைப் பெரிய மனிதன் என்றிருப்பார்கள். டீக்கடைப் பொய்யும் பத்திரமாக இருந்திருக்கும். வாய்வரைக்கும் வந்துவிட்டது. அந்தக் கேரளத்து லாரிக்காரர் லாரியைப் பின்னாலேயே இறக்கி வந்து, கயிறு கட்டி ஜீப்பை மண்ணிலிருந்து இழுத்துக்கொண்டிருந்த அந்தப் பத்து நிமிடம் அதைத்தான் யோசித்துக்கொண்டு நின்றேன். டயர் புதிதாகும், வீட்டுக்குப் பத்தாயிரம் போவது நிற்காது, ஆறு மாதத்தில் அவன் மறுபடியும் இதே மலையில் ஹாரன் அடிப்பான் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன்.

முத்துவின் ஜீப்பை அங்கேயே விட்டோம். அவன் வண்டிப் பெண்களைப் பின்னால் வந்த வேறு இரண்டு ஜீப்புகளில் ஏற்றினோம். காயம்பட்ட இருவரையும் போடியில் டாக்டரிடம் காட்டினோம். பிறகு முத்துவையும் பேச்சியம்மாவையும் கூட்டிக்கொண்டு ராசிங்காபுரம் போனேன். அப்போதுதான் தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது. பெருமாள் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தார்.

“வாங்க மாயண்ணே. ஏன்டா, ஜீப்பு எங்க?”

“ஆளுக்கு ஒண்ணும் இல்ல பெருமாளு” என்றேன். விபத்தைச் சொல்லப் போகிறவர்கள் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். மற்றதெல்லாம் அப்புறம்.

அவர் தவிட்டுக் கையோடு ஓடி வந்து மகனின் தலையை, தோளை, முதுகைத் தடவிப் பார்த்தார். அவன் சட்டை முழுக்கத் தவிடு. எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கேட்டார். முத்து சொன்னான். மாசியிலிருந்து எடுத்ததை, அதற்கு முன்னால் நிறுத்தியதை, ஒன்றையும் மறைக்காமல் சொன்னான்.

பெருமாளுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“பதினாலு வீட்டுப் பொம்பளைகள மொட்டை டயருல கூட்டிட்டு வந்து, அந்தக் காசுல எனக்குக் கஞ்சி ஊத்துனயா? நான் கேட்டேனாடா? ஒரு நாளாச்சும் பத்தலைன்னு கேட்டேனா?”

“அவனைச் சொல்லாத பெருமாளு” என்றேன். “நான்தான் ஏத்திவிட்டேன். ஒன் வயசுல ஆத்தா கையில கவரோட குடுத்தேன்னு எல்லாரு முன்னாலயும் சொன்னேன்.”

“அதுல என்ன தப்பு? நல்லதுதான?”

“குடுக்கல.”

“என்னது?”

“பதிமூணு வருசம் ஒத்தைக் காசு குடுக்கல. எங்க இருக்கேன்னுகூடச் சொல்லல.”

பெருமாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அப்ப என் மகன் அஞ்சாயிரம் குடுத்துக்கிட்டு இருந்தப்பவே ஒங்களவிட நூறு பங்கு நல்லவனா இருந்திருக்கான்.”

“ஆமா.”

“நல்ல ஆளப் பார்த்துத்தான் யோசனை கேட்டிருக்கான்.”

அவன் கேட்கவே இல்லை என்பதை நினைத்துக்கொண்டு நின்றேன்.

இவ்வளவு நேரம் வாசற்படியில் நின்றுகொண்டிருந்த முத்துவின் அம்மா சின்னத்தாய் இப்போது வாய் திறந்தார். “நீ ஏத்திக் குடுத்தயே அஞ்சாயிரம், அது எங்க போச்சுன்னு கேளுடா.”

“எங்கம்மா போச்சு?”

“ஒங்கப்பா டீக்கடையில ஒக்காந்து, மகன் பத்தாயிரம் குடுக்கிறான்னு சொல்லிட்டாரு. மறு வாரத்துல இருந்து பத்திரிகை வைக்க வர்றவுக கூட்டம் தாங்கல. ஐநூறு மொய் எழுதுன எடத்துல ஆயிரம். காதுகுத்து, குடிபோறது, சடங்கு, ஒண்ணு விடல. இந்தத் தையில மட்டும் ஒம்பது விசேசம். நீ ஏத்திக் குடுத்ததுல எங்க சாப்பாடு மாறலடா. மொய்யுதான் மாறுச்சு.”

“பத்தாயிரம் வாங்குறவன் ஐநூறு எழுதுனா நாலு பேரு என்ன நெனைப்பாக?” என்றார் பெருமாள். கோபம் போய்க் குரல் சுருங்கிவிட்டிருந்தது.

பேச்சியம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். “அடப் பாவிகளா! டயரு தேவாரத்துக் கல்யாண மண்டபத்துல மொய் நோட்டுல ஏறி ஒக்காந்திருக்கு. நாங்க ரோட்டுல வழுக்கிக்கிட்டு வர்றோம்.”

முதலில் சிரித்தது முத்துதான். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை, ஆனால் வண்டியை மண்ணில் விட்டதிலிருந்து அப்போதுதான் அவன் முகம் முகமாக இருந்தது. பிறகு எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது.

“அந்த மொய்யத் திருப்பி வாங்கணும்னா ஒனக்குக் கல்யாணம் வச்சாத்தான் ஆகும்” என்றார் சின்னத்தாய்.

“மொதல்ல டயரு. அப்புறம் பொண்ணு” என்றாள் பேச்சியம்மா.

சிரிப்பு அடங்கிய பிறகு பெருமாள் கையைக் கழுவிவிட்டு வந்து மகன் எதிரில் உட்கார்ந்தார்.

“நான் யாருடா? வெவசாயி. மழை பெய்யலைன்னா வெளையாதுன்னு எனக்கு ஒருத்தன் பாடம் எடுக்கணுமா? மலையில காயி இல்லாத மாசம் எனக்கு வருமானம் இல்லப்பான்னு சொன்னா புரியாதா? நானே வருசத்துல ஆறு மாசந்தான் வெளையிறேன். நீ மட்டும் பன்னெண்டு மாசமும் எப்படிடா வெளைவ?”

“சொன்னா நீ காவலுக்குப் போயிருவன்னு...”

“யானைகிட்ட நிக்கிறதுக்கு எனக்கு என்ன ஆசையா? இந்தப் பங்குனி சித்திரையில போடிக் களத்துல இலவங்கா ஒடைக்க ஆளு கெடைக்காமத் தவிக்கிறாக. ஒக்காந்து ஒடைக்கிற சோலி. காலையில போயிட்டுப் பொழுதோட வந்துருவேன். மூக்குல பஞ்சு ஏறும், அம்புட்டுதான். யானை பஞ்சு திங்க வராது.”

காய் எடுக்கும் மாதங்களில் எவ்வளவு, வெயில் காலத்தில் எவ்வளவு என்று அப்பாவும் மகனும் அங்கேயே பேசி முடித்தார்கள். வண்டிப் பங்கு எடுத்த பிறகு மிச்சத்தில்தான் வீடு என்று பெருமாளே சொன்னார். தபால் ஆபீசில் இருப்பதை எடுத்து டயரும் பிரேக்கும் மாற்றுவது, மழைக்காலம் வந்ததும் மறுபடியும் அங்கே கட்டத் தொடங்குவது என்று முடிவாயிற்று. மொய் விஷயத்தில் மட்டும் பெருமாள் கொஞ்சம் இழுத்தார். சொந்தத் தங்கை வீட்டு விசேஷத்துக்கு ஆயிரத்துக்குக் குறைய முடியாது என்று சின்னத்தாயோடு வாதாடிக்கொண்டிருந்தார். அது முடிவதற்குள் நான் கிளம்பிவிட்டேன்.

மொத்தப் பேச்சும் அரை மணி நேரம். இந்த அரை மணி நேரத்துக்குப் பயந்துகொண்டு அவன் மொட்டை டயரில் மலை இறங்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

மறுநாள் ஸ்டாண்டில் எல்லோரையும் வைத்துக்கொண்டு நான் சொன்னது பொய் என்று சொன்னேன். பெரிய அதிர்ச்சி இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒருவன் டீயை ஊதிக்கொண்டே, “அண்ணே, நாங்க அப்பவே நம்பல. ஒங்களுக்கு ஒரு எடத்துல நிக்கவே வராது. கவர எந்த வாசல்ல கொண்டுபோயிக் குடுத்திருப்பீங்க?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நம்பியவன் முத்து ஒருவன்தான். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று என்னிடம் கேட்காதீர்கள். என்னை மாதிரி டீக்கடையில் சத்தமாகப் பேசுகிறவன் யாரிடமும் கேட்காதீர்கள். உங்கள் வண்டி எந்தெந்த மாதம் நிற்கும் என்பதை முதலில் வீட்டில் சொல்லுங்கள். கையில் பணம் நிறைய இருக்கும் ஐப்பசியிலேயே சொல்லுங்கள், பங்குனியில் சொன்னால் சாக்குச் சொல்வது போல இருக்கும். உங்களுக்கும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். ஷூ வாங்கினால் போட்டுக்கொள்ளுங்கள். அப்பா அம்மாவுக்குக் கொடுப்பது நல்ல காரியம்தான், ஆனால் அதை நம்மால் எத்தனை மாதம் தொடர்ந்து செய்ய முடியும் என்பதையும் பார்க்க வேண்டும். கொடுக்கும் தொகையைக் குறைக்க நேர்ந்தால் நம்மை ஒருவர் குறைவாக நினைப்பார் என்ற பயம் எனக்குத் தெரியும். என் அனுபவத்தில், நாம் பயந்த அளவுக்குப் பெற்றவர்கள் நினைப்பதில்லை. அக்கம்பக்கம் நினைக்கும். அக்கம்பக்கம் நம் ஜீப்பில் மலை இறங்குவதில்லை.

பத்து நாள் கழித்து முத்து புது டயரோடு வந்தான். விடியற்காலை ராசிங்காபுரம் முக்கில் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அதுவரை மற்ற ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு வந்தவர்கள். முத்து வண்டியைக் கொண்டுவந்து அவர்கள் முன்னால் நிறுத்திவிட்டு இறங்கி நின்றான். ஏறுங்கள் என்று சொல்லும் தைரியம் அவனுக்கு இல்லை. நானும் என் வண்டியை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் அசையவில்லை. எல்லோரும் பேச்சியம்மாவைப் பார்த்தார்கள்.

அவள் தூக்குவாளியைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு, செல்போன் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு ஜீப்பைச் சுற்றி வந்தாள். நான்கு சக்கரத்தின் முன்னாலும் குனிந்தாள். டயர் வெட்டுக்குள் கட்டைவிரலை விட்டு ஆழம் பார்த்தாள். பிறகு டிரைவர் பக்கம் கையை நீட்டி, பிரேக் பெடலை உள்ளங்கையால் ஓங்கி அழுத்தினாள். அது கல் மாதிரி நின்றது. முத்து ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவன் போல நின்றான்.

பேச்சியம்மா தூக்குவாளியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

“என்னடா பார்த்துக்கிட்டு நிக்கிற? வெரசா எடு. தோட்டத்துல நமக்கு முன்னால ஆளுக்கு ஒரு நெரை பிரிச்சுப் போட்டுருவாக.”

பின்னால் பதிமூன்று பேரும் ஏறினார்கள்.